“ஏன் இந்த ஊரில்?”
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன் பண்ணி, “பிரான்சில் ரெண்டு வருஷம் இருந்தீங்களே, அதைப் பத்திப் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது என்பதை இங்கே வந்த பிறகுதான் சொன்னார். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் விமான இறக்கையைப் பற்றிப் பேசினால் பாவம் வந்து சேரும். அதனால் ஊர் சுற்றியதையும் சாப்பிட்டதையும் பற்றியே பேசி விடுகிறேன். சொல்லப் போவது இரண்டு நாள் கதை. ஒரு நாள் பிரான்ஸ் நாட்டுக் கிராமப் பக்கம். இன்னொரு நாள் நம்ம விருதுநகர் மாவட்டத்தில். இரண்டு நாளும் எனக்குத் துணையாக வந்தவர் ஒருவரே.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான் வேலை பார்த்த துலூஸ் நகரம் பிரான்சின் தெற்கே இருக்கிறது. விமானம் கட்டுகிற ஊர். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், “ஞாயிற்றுக்கிழமை எங்க நாட்டுப்புறம் காட்டுறேன், வாங்க” என்று கூப்பிட்டார். காரில் காலையிலேயே கிளம்பினோம்.

முதலில் மில்லோ பாலம். தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே 2,460 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. அதன் உச்சி 343 மீட்டர். 2004 டிசம்பரில் திறந்தார்கள். அவ்வளவு உயரத்தில் சாரம் கட்டி வேலை பார்க்க முடியாது என்பதால், இரும்புத் தளத்தை இரு கரையிலும் தரையில் வைத்தே கோத்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றின் மேலே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நடுவில் வந்து சேர்ந்தன. சிவில் டிபார்ட்மென்ட் தம்பிகள் அவசியம் படிக்க வேண்டிய வேலை.

அங்கிருந்து பக்கத்தில் ரோக்ஃபோர் என்று ஒரு சின்ன கிராமம். மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு தெரு. உலகம் பூராவும் விற்கும் ஒரு சீஸ் இந்த ஊர்ப் பெயரில்தான் விற்கிறது. செம்மறி ஆட்டுப் பாலில் செய்து, உள்ளே நீலப் பச்சையாகப் பூஞ்சை படர விடுவார்கள். நம்ம வீட்டில் என்றால் அதைப் பார்த்ததும் குப்பையில் கொட்டி விடுவார்கள். அங்கே அதற்குத்தான் விலை.

ஊருக்கு அடியில் குகைகள். காம்பலூ என்ற அந்த மலை எப்போதோ சரிந்தபோது பாறையில் நீள நீளமான வெடிப்புகள் விழுந்தன. அந்த வெடிப்புகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து போகிறது. குகை வருஷம் முழுவதும் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அந்தக் காற்றில்தான் பூஞ்சை ஒழுங்காக வளரும். சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். “வெடிப்பு இல்லேன்னா காற்று இல்லை, காற்று இல்லேன்னா சீஸ் இல்லை, சீஸ் இல்லேன்னா எங்க ஊர் இல்லை” என்று மூன்று வரியில் முடித்து விட்டாள். 1411-லேயே அந்த நாட்டு ராஜா, இந்தச் சீஸைப் பதப்படுத்தும் உரிமை இந்த ஊருக்கு மட்டும்தான் என்று பட்டயம் கொடுத்திருக்கிறார். 1925-ல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டு விட்டார்கள். வேறு ஊரில் செய்து இந்தப் பெயர் போட்டால் வழக்கு.

பிறகு மத்தியானச் சாப்பாடு. இரண்டு மணி நேரம்! முதலில் சூப். அப்புறம் உருளைக்கிழங்கை மசித்து, சீஸ் சேர்த்து, கயிறு மாதிரி இழுபடுகிற அலிகோ என்றொரு பதார்த்தம். அப்புறம் தனியாகச் சீஸ் தட்டு. கடைசியில் இனிப்பு. பரிமாறியவர் ஒவ்வொரு தட்டை வைக்கும்போதும் இது எந்த ஊர்ப் பால், எந்த மலைப் புல் என்று சொல்லிக்கொண்டே வைத்தார். இப்படி உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தையே 2010-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்திருக்கிறது.

திரும்பும்போது நண்பர் இன்னொன்று சொன்னார். உலகத்தில் எந்த ஹோட்டலுக்கும் நட்சத்திரம் கிடைத்தால் பெருமை என்று பேசுகிறார்களே, மிஷ்லான் கையேடு, அது டயர் கம்பெனி போட்ட புத்தகம்! 1900-ல் மிஷ்லான் சகோதரர்கள் 35,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால்தானே டயர் தேயும்? பிறகு நட்சத்திரம் வந்தது. இரண்டு நட்சத்திரம் என்றால் “வழியை மாற்றிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம்” என்று அர்த்தம். மூன்று என்றால் “இதற்கென்றே புறப்பட்டுப் போகலாம்.” வியாபாரிக்கு மூளை எங்கேயும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. விருதுநகர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“மதுரைப் பக்கம்”

நண்பர்களே, அந்தப் பெண் மூன்று வரியில் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நம்ம பிள்ளைகள் ஞாபகம்தான் வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் சில வருஷமாக உட்கார்கிறேன். நம்ம மாவட்டப் பிள்ளைகள் வந்தால் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, “சொந்த ஊர் எது?” என்று கேட்பேன். “மதுரைப் பக்கம் சார்.” “மதுரையில் எங்கே?” “இல்ல சார், விருதுநகர் பக்கம்.” “அங்கே என்ன விசேஷம்?” “ஒண்ணும் இல்ல சார், வெயில்தான்.”

வெயில்தான். இந்தப் பதிலைச் சொல்லும்போது பிள்ளைகள் கொஞ்சம் கூச்சத்தோடு சிரிப்பார்கள். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால் பதில் சரியான பதில். சொல்லும் விதம்தான் மாற வேண்டும்.

இங்கே ஒரு நாள்

இரண்டு வருஷம் கழித்து அதே நண்பர் வேலை விஷயமாக இந்தியா வந்தார். “உங்க நாட்டுப்புறம் காட்டுங்க” என்றார். தாஜ்மகாலுக்கு அனுப்பியிருக்கலாம். கடன் பட்ட வீட்டுக்கு அது முறையில்லை. பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையில் வாடகைக் கார் பிடித்து விடியற்காலையில் புறப்பட்டோம். மொத்தச் சுற்றும் ஒரே நாளில், சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்துக்குள் முடிகிற தூரம்தான்.

ரோட்டோரத்தில் பனையடியில் நிறுத்திப் பதநீர். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றினார் பனையேறி. விருந்தாளி மூன்று பட்டை குடித்துவிட்டு, “இது ஏன் இந்த ஊரில்?” என்று ஆரம்பித்தார். அன்றைக்கு முழுவதும் அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். பனையேறியே பதில் சொன்னார்: “தண்ணி ஊத்தாம நிக்கிற மரம் இது ஒண்ணுதான் சார்.”

விருதுநகரில் முதலில் காமராஜர் இல்லம். சந்துக்குள் ஒரு சின்ன வீடு. 1903-ல் அவர் பிறந்த ஊர், விருதுபட்டி என்று இருந்து 1923-ல் விருதுநகர் என்று பெயர் மாறியது. ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர் வீடா இது என்று விருந்தாளி இரண்டு தரம் கேட்டார். அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் பிடி அரிசியில் வளர்ந்தது என்று சொன்னேன். வீட்டில் சோறு வடிக்கும் முன்னால் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதை வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அந்த ஊர்ப் பிள்ளை முதலமைச்சராகி 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார் என்றதும், அவர் டயரியை எடுத்து எழுதிக்கொண்டார்.

அடுத்து தேசபந்து மைதானம். சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்தவன் ஒரு பட்டினியைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்று கேட்டு, வேறு சில கோரிக்கைகளையும் சேர்த்து, தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் உயிர் போயிற்று. 1967-ல் சட்டசபையில் தீர்மானம் வந்தது. 1969 ஜனவரி 14-ல் பெயர் வந்தது. நாம் விலாசத்தில் கடைசி வரியாக எழுதுகிறோமே, அந்த வார்த்தைக்காக ஒரு மனுஷர் நம்ம ஊரில் சாப்பிடாமல் கிடந்தார். நம்ம கல்லூரிப் பசங்கள் எத்தனையோ பேர் அந்த மைதானத்தைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போகிறார்கள்.

பஜாருக்குள் நுழைந்தால் வத்தல் நெடியில் விருந்தாளிக்குத் தும்மல் நிற்கவில்லை. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பேப்பரில் போடுவதை எடுத்துக் காட்டினேன். இங்கே வயல் கிடையாது, ஆறு கிடையாது. ஆனால் தெற்கே விளைகிறதுக்கு விலை சொல்கிற ஊர்.

சாத்தூரும் ஒரு மத்தியானச் சாப்பாடும்

சாத்தூரில் காரசேவுக் கடை. அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “வாங்க தம்பி, வெள்ளைக்கார சாரையும் கூட்டியாங்க, சட்டிக்கு மட்டும் தள்ளி நிக்கச் சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி. கடலை மாவும் அரிசி மாவும் வத்தலும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து, கண் கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க, கொதிக்கிற எண்ணெயில் நேரே விழுகிறது. வழக்கம்போல விருந்தாளி கேட்டார். அண்ணாச்சி வத்தல் மூட்டையைக் காட்டினார். “சம்பா வத்தல் சார். கரிசக்காட்டுல மானாவாரியா வர்றது. இந்த வெயில்ல காஞ்சாத்தான் இந்தக் காரம். சேவும் அப்படித்தான், காத்துல ஈரம் இல்லாததால நாளு கெடந்தாலும் மொறுமொறுப்புப் போகாது.”

பேனா நிப்பு செய்கிற ஊராகவும் சாத்தூர் பேர் பெற்றிருந்தது. பால்பாயின்ட் வந்து அந்தத் தொழிலை ஒடுக்கியது. வெள்ளரிப் பிஞ்சு மட்டும் தப்பித்தது. உப்பும் வத்தல் பொடியும் தூவி இரண்டு வாங்கிக் கடித்துக்கொண்டே கிளம்பினோம்.

இருக்கன்குடியில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் என் பெரியம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இலை போட்டு, குதிரைவாலிச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, கொத்தவரங்காய் வத்தல், கானத்துவையல், மோர் மிளகாய், கடைசியில் கட்டித் தயிர். அங்கே இரண்டு மணி நேரம் என்று வியந்தேனே, பெரியம்மா இரண்டரை மணி நேரம் விடவில்லை. “பிள்ளை கொறிச்சிக்கிட்டுக் கெடக்கு, நல்லாத் திங்கச் சொல்லுப்பா” என்று என்னைத்தான் திட்டினார்.

விருந்தாளி குதிரைவாலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெரியம்மா சொன்னார்: “ஒரு மழை ரெண்டு மழைக்கே வந்துரும். நெல்லு நம்மள நம்பி இருக்காது, இது இருக்கும்.” நம்ம மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்து விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. பெரியம்மாவுக்கு இந்தப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனால் அதற்கேற்ற சமையல் தெரியும். இப்போது அந்தக் காட்டில் பாதி தரிசு. “யாரு வெதைக்க? பேரன்மாரு மெட்ராஸுல இருக்காக” என்று சொல்லிக்கொண்டே தயிர் ஊற்றினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே புரிந்து விட்டது. “எங்க மலைக் கிராமத்திலும் ஆடு மேய்க்க ஆள் இல்லை” என்றார்.

சிவகாசியில்

மூன்று மணிக்குச் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை நமக்கெல்லாம் பாடம். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டுமே, அதற்காக அச்சகம். லேபிளில் கை தேறியதும் காலண்டர், டயரி, புத்தகம். ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் முன்னால் நின்று இந்தச் சங்கிலியைச் சொன்னேன். “ஏன் இந்த ஊரில்?” என்றார். பதில் அப்போது எனக்குத் தெளிவாக வந்தது: “இங்கே வெயில். குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், பசை காய வேண்டும், மை காய வேண்டும். விவசாயம் காப்பாற்றாத ஊரில் காய வைக்கிற தொழில் காப்பாற்றியது. உங்களுக்கு மலை வெடிப்பு மாதிரி எங்களுக்கு வெயில்.”

வெளியே வரும்போது, ரோட்டிலிருந்து தூரத்தில் தனித்தனியாக நிற்கிற சின்னச் சின்ன அறைகளைக் காட்டி, “அது என்ன?” என்றார். பட்டாசு ஆலை. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கு அறை இவ்வளவு தூரம் என்று விதி இருக்கிறது. விதி இருக்கிற வரை ஓர் அறையில் தீப்பிடித்தாலும் அடுத்த அறைக்குப் போகாது. தீபாவளி நெருக்கத்தில் ஆர்டர் கூடும்போது, அறைக்குள் ஆளும் கூடுகிறது, மருந்தும் கூடுகிறது. மரத்தடியில் உட்கார்ந்தும் வேலை நடக்கிறது. உராய்வு, சூடு, ஒரு சின்ன மின்பொறி, இதில் எது வந்தாலும் போதும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 40 பேருக்கு நெருக்கமாக மாண்டு போனார்கள். வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடிய ஜனங்களும் அதில் உண்டு. அதற்கப்புறமும் விபத்து நிற்கவில்லை. எந்த வருஷப் பேப்பரைப் புரட்டினாலும் நம்ம பக்கத்து ஊர்ப் பெயர் இருக்கிறது.

சுற்றிக் காட்டுகிறவன் இதை மறைக்கலாமா? மறைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு துலூஸ் கதையைச் சொன்னார். 2001 செப்டம்பர் 21, காலை பத்தேகால் மணி. அந்த ஊர் உரத் தொழிற்சாலைக் கிடங்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 31 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காயம். நகரத்தில் கண்ணாடி ஜன்னல் மிஞ்சவில்லை. அப்போது அவர் அங்கே மாணவர். “வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் உள்ளே வந்து விழுந்தது” என்றார். அந்தத் தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கவே இல்லை. 2003-ல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. ஆபத்தான ஆலைகளைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது, ஏற்கெனவே இருக்கிற வீடுகளை என்ன செய்வது என்று திட்டம் போட வைத்தது. விபத்து நடந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. “ஊரைச் சுற்றிக் காட்டும்போது அதையும் காட்டுவோம்” என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுதான் வெடிக்கலாம், பேரியம் உப்பு கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சிவகாசிக்கு அது பெரிய அடி. வேலை போன குடும்பங்கள் நமக்குத் தெரியும். ஊரே தொழிலைக் காப்பாற்று என்று கேட்டது, நியாயம். அதே ஊர் தொழிலாளியைக் காப்பாற்று என்றும் அதே சத்தத்தில் கேட்க வேண்டும். மருந்து கலக்கிற வேலையை மனுஷன் கையிலிருந்து எடுத்து, தூரத்தில் நின்று இயக்கும் இயந்திரத்திடம் கொடுப்பது நம்ம மாதிரி என்ஜினீயர்களுக்கு ஆகாத காரியம் இல்லை. விமான இறக்கைக்கு நான் போடுகிற கணக்கைவிட அது சுலபம். மெக்கானிக்கல், கெமிக்கல் படிக்கிற தம்பி தங்கைகளே, கடைசி வருஷ பிராஜெக்டுக்கு என்ன தலைப்பு என்று அலைகிறீர்களே, கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் தலைப்பு இருக்கிறது.

பாலும் நெருப்பும்

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலை ராஜகோபுரத்தின் அடியில் நின்று, அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள் என்றேன். ஆண்டாள் கையில் இருக்கிற கிளி நிஜக் கிளி மாதிரி இருக்கிறதே என்றார். இலையும் பூவும் வைத்துத் தினமும் புதிதாக ஒரு கிளி கட்டுகிறார்கள், நாளைக்கு வேறு கிளி என்றதும் அசந்து போனார். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான காடு. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகிவிட்டது.

பால்கோவாக் கடையில் சூடாக வாங்கி, இலையில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் போட்டுவிட்டு, “இதில் என்னென்ன?” என்றார். “பால், சர்க்கரை, நெருப்பு, பொறுமை.” அவர் என்ஜினீயர் இல்லையா, கணக்குப் போடலானார். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பத்து லிட்டரைக் கிண்டிக் கிண்டித் தண்ணீரை விரட்டினால் சர்க்கரையோடு சேர்த்து மூன்று கிலோ சொச்சம் நிற்கும். மலையடிவாரக் கிராமங்களில் கறக்கிற பால், ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் இந்த வெயிலில் அரை நாள் தாங்காது. கோவாவாக்கினால் தாங்கும். “நாங்களும் அதைத்தான் செய்தோம். பாலைக் கெடாமல் வைக்க வேண்டும். எங்களிடம் குளிர்ந்த குகை இருந்தது, சீஸ் வந்தது. உங்களிடம் நெருப்பு இருந்தது, இது வந்தது” என்றார். அன்றைக்கு நான் அவரிடம் கற்றுக்கொண்டது இது. ரோக்ஃபோருக்குச் சட்டம் 1925-ல். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-ல். அடுத்த வருஷம் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் கிடைத்தது. தாமதம்தான். ஆனாலும் கிடைத்து விட்டது.

ராத்திரி திரும்ப விருதுநகர். எண்ணெய்ப் புரோட்டா. பர்மா கடை பெயரை இங்கே நான் சொன்னதுமே ஹாலில் ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், அதற்குமேல் விளக்கம் வேண்டாம். கொத்தி, சால்னா ஊற்றி, சுக்காவோடு அவர் நாலு சாப்பிட்டார். டயரியில் மூன்று நட்சத்திரம் போட்டுக் காட்டினார். “இதற்கென்றே புறப்பட்டு வரலாம்.”

கேட்டுக்கொள்வது

அந்த நாளில் எனக்குப் பெருமை தந்தது சாப்பாடு மட்டும் இல்லை. “ஏன் இந்த ஊரில்?” என்று கேட்ட இடத்தில் எல்லாம் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். பனையேறி, சேவுக் கடை அண்ணாச்சி, பெரியம்மா. யாரும் கல்லூரிக்குப் போனவர்கள் இல்லை. கவலையும் அங்கேதான் இருக்கிறது. பதில் தெரிந்தவர்களுக்கு வயதாகி விட்டது. படித்த நமக்கோ “வெயில்தான் சார்” என்பதோடு நின்று விடுகிறது. பண்டத்தைப் பார்சலில் வரவழைத்து விடலாம். பதிலை வரவழைக்க முடியாது.

அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன்.

மாணவர்களிடம்: ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சுழி, அருப்புக்கோட்டை, வத்திராயிருப்பு, ராஜபாளையம், வெம்பக்கோட்டை, எதுவானாலும் சரி. அங்கே என்ன செய்கிறார்கள், ஏன் அங்கே செய்கிறார்கள், யார் சொன்னது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். முதலிப்பட்டிக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும். தாத்தா பாட்டியிடம் இந்த லீவிலேயே கேளுங்கள்.

சங்கத்திடம்: அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஒரு சின்னக் கையேடு போடுங்கள். டயர் விற்பவர்கள் போட்டதை நாம் போட முடியாதா? அச்சடிக்க வேறெங்கும் போக வேண்டாம், சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. முதல் பதிப்புக்கான காகிதச் செலவு என்னுடையது. அடுத்த சந்திப்பை இரண்டு நாளாக வையுங்கள். இரண்டாம் நாள், இந்த மேடையில் பேச்சு வேண்டாம். இரண்டு பஸ் பிடித்து, குடும்பத்தோடு, மாணவர்கள் எழுதிய கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவோம். வெளிநாட்டில் பிறந்த நம்ம பிள்ளைகளுக்கு வழி காட்டுவது கடைசி வரிசைத் தம்பி தங்கைகளாக இருக்கட்டும்.

சாம்பார் வாசனை வந்துவிட்டது. இதற்குமேல் பேசினால் மரியாதை இருக்காது.